ஏழாம் வகுப்பில் புதுக்கவிதை: எழுதச் செய்வதும் வாசிக்கச் செய்வதும்

கேள்வி – ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 38 பேரும் ஆளுக்கொரு புதுக்கவிதை எழுதி, அதை வகுப்பின் முன் நின்று வாசிக்க வேண்டும் என்று திட்டமிட்டிருக்கிறேன். எழுதத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. முதல் வரைவுகள் அனைத்தையும் நேற்றிரவு படித்து முடித்தேன். படித்து முடித்த கலக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வந்த தாள்கள் தாமாகவே மூன்று குவியலாகப் பிரிந்துவிட்டன. முதல் குவியல், கட்டுரையை ஒடித்துப் போட்டவை. "மரங்கள் நமக்கு நிழல் தருகின்றன, ஆகவே நாம் மரங்களை வளர்க்க வேண்டும்" என்பதை ஐந்து துண்டாக வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் கவிதை ஆகிவிடும் என்று பாதி வகுப்பு நம்புகிறது. இரண்டாம் குவியல், ஓசைக்காகப் பொருளைப் பலி கொடுத்தவை. வானம் என்று முதல் வரி முடிந்துவிட்டால், தேவை இருக்கிறதோ இல்லையோ, அடுத்த வரிகளில் கானமும் மானமும் தானமும் வந்து வரிசையில் நின்றுவிடுகின்றன. மூன்றாம் குவியலில் ஆறே தாள்கள். அவற்றில் மட்டும் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கே சொல்லத் தெரியாததை மற்ற முப்பத்திரண்டு பேருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வாசிப்பது தனிக் கவலை. சென்ற ஆண்டு ஒரு சிறிய முயற்சி செய்தேன். சிலர் செய்யுள் ஒப்பிப்பதைப் போல ஒரே இழுவையில் படித்தார்கள். சிலர் பேச்சுப்போட்டிக் குரலில் முழங்கினார்கள். ஒரு மாணவன் பன்னிரண்டு வரிக் கவிதையை இருபது விநாடிக்குள் முடித்துவிட்டு, கடைசிச் சொல் வாயிலிருந்து விழும்முன்பே தன் இருக்கைக்குப் போய்விட்டான்.

மனப்பாடம் செய்து சொல்ல வைப்பதா, தாளைப் பார்த்து வாசிக்க விடுவதா? இதற்கெல்லாம் மதிப்பெண் எந்த அடிப்படையில் தருவது? இன்னொன்றும் உண்டு. அந்த ஆறு தாள்களில் ஒன்று வீட்டு நிலைமையைப் பற்றியது. அதன் வரிகளை இங்கே தர எனக்கு மனமில்லை. நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதாலேயே அதை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்வது சரியா என்ற குழப்பத்தில் இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.


பதில் 1 – ஓய்வுபெறவிருக்கும் ஆசிரியர்

வணக்கம் அம்மா. உங்கள் மூன்று குவியல்களையும் நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். முதல் குவியலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அது சரியானால் இரண்டாவது பெரும்பாலும் தானே கரைந்துவிடும்.

மாணவர்கள் கட்டுரையை ஒடித்துப் போடுவதற்குக் காரணம், தலைப்பை நாம் பெரிதாகக் கொடுப்பதுதான். இயற்கை, அன்னை, சுதந்திரம், நட்பு என்று தலைப்புக் கொடுத்தால் பதினோரு வயதுப் பிள்ளை அந்தத் தலைப்பைப் பற்றிப் பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லிவைத்த கருத்தைத்தான் திரும்ப எழுதும், ஏனென்றால் அவ்வளவு பெரிய பொருளில் அந்தப் பிள்ளைக்கென்று சொந்தமாக எதுவும் இன்னும் சேரவில்லை. தலைப்பைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். நான் இப்போதெல்லாம் தலைப்பே கொடுப்பதில்லை. "உங்கள் வீட்டில் யாரும் பயன்படுத்தாத ஒரு பொருளைச் சொல்லுங்கள், அது எங்கே இருக்கிறது, கடைசியாக யார் தொட்டார்கள்" என்று மட்டும் கேட்டு, ஐந்து வாக்கியம் உரைநடையிலேயே எழுதச் சொல்கிறேன். கவிதை என்ற சொல்லை அந்த நேரத்தில் உச்சரிப்பதே இல்லை.

ஒருமுறை ஒரு மாணவி எழுதியதைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். "என் பாட்டி இறந்துவிட்டார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அவரை என்னால் மறக்கவே முடியாது. அவருடைய மூக்குக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதை இப்போது யாரும் துடைப்பதில்லை." இதைக் கரும்பலகையில் எழுதி, எந்த வாக்கியத்தை எல்லாரும் எழுதியிருக்க முடியும், எந்த வாக்கியத்தை இவள் ஒருத்தி மட்டுமே எழுதியிருக்க முடியும் என்று வகுப்பைக் கேட்டேன். முதல் மூன்றும் எல்லாருடையவை என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மூன்றையும் அழித்தேன். எஞ்சியதை அந்த மாணவியே இப்படிப் பிரித்தாள்:

அலமாரியில்
பாட்டியின் மூக்குக் கண்ணாடி.
இப்போது அதை
யாரும் துடைப்பதில்லை.

இறப்பு என்ற சொல்லும் இல்லை, வருத்தம் என்ற சொல்லும் இல்லை. ஆனால் பின்வரிசையில் இருந்த ஒரு பையன், "பாட்டி செத்துப்போயிட்டாங்களா சார்?" என்று கேட்டான். அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று வகுப்பையே யோசிக்க விட்டேன். "இப்போது" என்ற ஒரு சொல்தான் காட்டிக்கொடுத்தது என்று வேறொரு மாணவி சொன்னாள். முன்பு யாரோ துடைத்திருக்கிறார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறதல்லவா! அன்று நான் வேறு எதையும் நடத்தவில்லை. உங்கள் ஆறு தாள்களில் இருப்பது என்னவென்று கேட்டீர்கள். இதே கேள்வியை அவற்றிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை ஒருவர் மட்டுமே எழுதியிருக்கக்கூடிய ஒரு வரியாவது அவற்றில் இருக்கும்.

இரண்டாம் குவியலுக்கு ஒரு சிறிய உபாயம். நிலா, கனவு, சிறகு, விடியல், பூக்கள், வானம் ஆகிய ஆறு சொற்களுக்கும் நான் ஒரு மாதம் விடுமுறை அறிவித்துவிடுவேன். பிள்ளைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள். நிலாவைச் சொல்லாமல் நிலாவைப் பற்றி எழுதியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்த ஒருவன், "தெருவிளக்கு அணைந்த பிறகும் என் நோட்டில் எழுத்துத் தெரிந்தது" என்று எழுதினான். தடை போட்டிராவிட்டால் அந்த வரி வந்திருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை.


பதில் 2 – யாப்புப் பயிற்சி தருபவர்

நான் மரபுக்கவிதை சொல்லித்தருபவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சாய்வு தெரிந்தே நீங்கள் படிக்கலாம்.

முந்தைய பதிலில் ஐயா சொன்னது பொருளைப் பற்றியது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வரியை எங்கே ஒடிப்பது என்பதைப் பிள்ளைகளின் உள்ளுணர்வுக்கே விட்டுவிடுவது போதாது. புதுக்கவிதைக்கு இலக்கணம் கிடையாது என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால், எப்படி எழுதினாலும் சரி என்றுதான் மாணவர்கள் புரிந்துகொள்வார்கள். தமிழில் இந்த வடிவத்தைத் தொடங்கிவைத்தவர்கள் யாப்பு அறியாதவர்கள் அல்லர். வசன கவிதை எழுதிய பாரதியாரின் யாப்புப் பயிற்சியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1855இல் வெளிவந்த வால்ட் விட்மனின் கவிதைகளில் எதுகை, மோனை, தளை எதுவும் இல்லை என்பதை வியந்து எடுத்துச் சொன்னவரும் அவர்தான். எதை விடுகிறோம் என்பது தெரிந்தே விட்டார்கள். 1959இல் 'எழுத்து' இதழ் தொடங்கி இந்த வடிவம் வேரூன்றியபோது நடந்த வாதங்கள்கூட, எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்பதைப் பற்றியவையாகவே இருந்தன.

அதற்காக ஏழாம் வகுப்பில் வெண்பாவைத் திணியுங்கள் என்று சொல்லவரவில்லை. இரண்டு வகுப்பு நேரம் செலவிட்டு, அடி என்றால் என்ன என்பதைக் காதால் உணரச் செய்யுங்கள். வெண்பாவின் கடைசி அடியில் மட்டும் நான்காம் சீர் இல்லை. மூன்று சீரோடு நின்றுவிடும். ஏதாவது ஒரு குறளைக் கைதட்டிச் சொல்ல வைத்தால், நான்காவது தட்டல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பிள்ளைகள் தாமே கேட்பார்கள். முடிவு வந்துவிட்டது என்பதை அந்த வெற்றிடம் சொல்கிறது. வரியின் நீளம் பேசும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. அதன்பிறகு, "உன் கவிதையில் எந்த வரி மற்றவற்றைவிடக் குட்டை? அது ஏன் குட்டை?" என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுவார்கள். அந்தத் திணறல் நல்லது.

இன்னொரு செய்தி, நம் மொழிக்கே உரியது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். ஆகவே பிள்ளைகள் வாக்கியம் முடியுமிடத்திலேயே வரியையும் முடித்தால், ஒவ்வொரு வரியும் "இருந்தது, வந்தது, நின்றது, போனது" என்று ஒரே விகுதியில் போய் மோதும். உங்கள் முதல் குவியலைப் புரட்டிப் பார்த்தால் இது தெரியும் என்று நினைக்கிறேன். இதற்கு மாற்று, வினையை அடுத்த வரிக்குத் தள்ளுவது. "கதவருகே நின்று அம்மா என்னை" என்று ஒரு வரியை நிறுத்திவிட்டால், அழைத்தாளா, அடித்தாளா, பார்த்தாளா என்று தெரியாமல் கேட்பவர் ஒரு நொடி காத்திருக்க வேண்டும். வினை கடைசியில் வரும் மொழிக்கு அந்தக் காத்திருப்பு இயல்பாகவே கைவந்தது. வரி ஒடிப்பு அதை இன்னும் ஒரு நொடி நீட்டித் தருகிறது.


பதில் 3 – ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. வினைமுற்றுப் பற்றி ஐயா சொன்னதும் எழுந்துபோய் தாள்களைப் பார்த்தேன். ஒரு கவிதையில் பதினான்கு வரிகள். அவற்றில் பதினொன்று "கின்றன" என்று முடிகின்றன. இத்தனை நாளாக அந்தத் தாள் ஏன் என்னைச் சோர்வடையச் செய்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது.

வாசிப்பைப் பற்றி யாராவது சொல்லுங்கள். வினையை அடுத்த வரிக்குத் தள்ளி எழுதினாலும், என் மாணவர்கள் அதை ஒரே மூச்சில் சேர்த்துத்தான் படிப்பார்கள்.


பதில் 4 – பள்ளி நாடகப் பயிற்றுநர்

வணக்கம். எழுதுவதை முடித்துவிட்டுப் பிறகு வாசிக்கப் பழக்கலாம் என்று இரண்டையும் தனித்தனிக் கட்டமாக வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என் அனுபவத்தில் அந்த வரிசைதான் சிக்கலுக்குக் காரணம். வாசிக்கும்போதுதான் வரி எங்கே ஒடிய வேண்டும் என்பது தெரியும். ஆகவே இரண்டாம் வரைவு எழுதும் முன்பே வாய்விட்டுப் படிக்க வைத்துவிடுங்கள்.

நான் செய்யும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். கவிதையை எழுதியவர் அதை வரி பிரிக்காமல், நிறுத்தக்குறியும் இல்லாமல், ஒரே பத்தியாக எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். பக்கத்து மாணவர் அதைத் தன் போக்கில் வாய்விட்டுப் படிப்பார். எழுதியவர் குறுக்கே பேசாமல், படிப்பவர் எங்கெல்லாம் மூச்சு விடுகிறார், எங்கே தடுமாறுகிறார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வரவேண்டும். பிறகு அந்தக் கோடுகளையும் தன் வரி முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தாத இடத்தில் ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: வரியை மாற்றுவதா, அல்லது படிப்பவரை வேண்டுமென்றே அங்கே நிறுத்தி வைப்பதா? எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சம்மதமே, காரணம் சொல்லத் தெரிந்திருந்தால்.

அடுத்தது வேகமும் இழுவையும். ஒரே இழுவையில் படிப்பது பிள்ளைகளின் குறை அன்று. முதல் வகுப்பிலிருந்து செய்யுளை அப்படித்தான் கூட்டமாகச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். கவிதை என்றதும் அந்தக் குரல் தானாகவே வந்துவிடுகிறது. அதை உடைக்க ஒரே வழி, கவிதையை முதலில் யாரிடமாவது சொல்லும் செய்தியாகச் சொல்லவைப்பது. "உன் நண்பனிடம் இதைத் தொலைபேசியில் சொல்" என்பேன். அந்தக் குரலில் இழுவை இருக்காது. குறிலும் நெடிலும் தமக்குரிய மாத்திரை அளவில் ஒலிக்கும். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் ஊஞ்சலைப் போல நீட்டிவிடும் பழக்கம் அந்த ஒரு பயிற்சியிலேயே பாதி குறைந்துவிடும். பிறகு அதே குரலை, சற்றே உரக்க, வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உயர்த்தச் சொல்ல வேண்டும்.

கவியரங்க பாணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொன்ன வரியையே இரண்டாம் முறை சொல்லி, கையை உயர்த்தி, கைதட்டலுக்குக் காத்திருப்பது பெரிய மேடையில், கேட்பவர் ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில், எல்லாருக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்பதற்குப் பயன்பட்ட உத்தி. முப்பத்தெட்டுப் பேர் இருக்கும் அறைக்கு அது தேவையில்லை. அதைவிடக் கெடுதல், அந்தப் பாணிக்குப் பழகிய பிள்ளை கடைசி வரியில் ஒரு வெடி வைக்க வேண்டும் என்பதற்காகவே கவிதையை எழுதத் தொடங்கிவிடும். மூக்குக் கண்ணாடிக் கவிதையின் கடைசி வரியை இரண்டுமுறை கையை உயர்த்திச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கவிதை அங்கேயே செத்துவிடும். ஆனால் எழுத்திலேயே ஒரு வரி திரும்பத் திரும்ப வருமானால் அது வேறு. அப்போது ஒவ்வொரு முறையும் அந்த வரியின் குரல் மாற வேண்டும். மூன்றாம் முறை வரும்போது முதல் முறை இருந்த பொருள் அதற்கு இருக்காது என்பதைப் பிள்ளைகள் வாசித்தே கண்டுகொள்வார்கள்.

மெய்ப்பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. அழுகைக் கவிதை என்றால் அழுவதுபோல் படிக்க வேண்டும் என்று பலர் பயிற்சி கொடுக்கிறார்கள். வாசிப்பவர் அழுதுவிட்டால் கேட்பவருக்கு அழ இடமில்லாமல் போய்விடும். நான் இந்த எட்டையும் வேறு விதமாகப் பயன்படுத்துவேன். ஒரே கவிதையை ஒருவர் அச்சத்தோடும், இன்னொருவர் நகையோடும், மற்றொருவர் வெகுளியோடும் படிக்கட்டும் என்று விட்டு, எழுதியவரைக் கேட்பேன்: எது பொருந்துகிறது? தான் வருத்தமாக எழுதியதாக நினைத்திருந்த கவிதை கோபமாகப் படிக்கும்போதுதான் சரியாக ஒலிக்கிறது என்று கண்டு வியந்த மாணவர்கள் உண்டு.

மனப்பாடமா, தாளா என்று கேட்டீர்கள். இந்த வயதில் நான் தாளைக் கையில் வைத்துக்கொள்ளவே சொல்வேன், ஆனால் முதல் இரண்டு வரியும் கடைசி இரண்டு வரியும் மனத்தில் இருக்க வேண்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கேட்பவர்களைப் பார்த்தால் போதும். நடுவில் தாளைப் பார்ப்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை. முழு மனப்பாடம் என்று வைத்தால், ஒரு சொல் மறந்தவுடன் பிள்ளையின் முகம் வெளிறிப்போவதைத்தான் வகுப்பு முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளும். தாளைத் தடித்த அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். வெறும் தாள் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும், சலசலக்கவும் செய்யும். கடைசிச் சொல்லைச் சொன்னபின் மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் நகர வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை மட்டும் நான் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் இருபது விநாடி மாணவனுக்கு அது ஒன்றே போதும்.

திக்கிப் பேசும் பிள்ளைகள் யாரேனும் இருந்தால், அவர்கள் கவிதையை மூன்று நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்படி அமைத்துப் பாருங்கள். பிறரோடு ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும்போது பலருக்குத் திக்கு வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அவருக்காக மட்டும் அப்படி ஏற்பாடு செய்ததாகத் தெரியக்கூடாது. வேறு இரண்டு மூன்று கவிதைகளுக்கும் கூட்டு வாசிப்பு இருக்கட்டும். ல, ள, ழ வேறுபாட்டைத் திருத்துவதை ஒத்திகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது இடையில் நிறுத்தித் திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு மேடைப்பக்கமே வராது.


பதில் 5 – எட்டாம் வகுப்பு மாணவியின் தந்தை

ஆசிரியர்கள் நடுவில் பெற்றோர் ஒருவன் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்காக என் மகளுக்கு நானே ஒரு கவிதை எழுதிக் கொடுத்தேன். நல்ல கவிதை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், பரிசும் கிடைத்தது. ஆனால் வீடு திரும்பும் வழியில் அவள், "அப்பா, பிரபஞ்சம் என்றால் என்ன?" என்று கேட்டாள். அந்தச் சொல்லைத்தான் அவள் மேடையில் மிக உருக்கமாகச் சொல்லியிருந்தாள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. எழுதும் வேலை முழுவதையும் வகுப்பறையிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் எங்களைப் போன்றவர்கள் சும்மா இருக்க மாட்டோம். மேலும், பிள்ளை பேச்சுவழக்கில் ஒரு வரி எழுதியிருந்தால் அதைச் செந்தமிழாக்கிவிடாதீர்கள். சென்ற ஆண்டு அவள் எழுதிய ஒன்றில் அவளுடைய அம்மா, "இன்னும் தூங்கலையா?" என்று கேட்கும் வரி இருந்தது. திரும்பி வந்த தாளில் அது "இன்னும் உறங்கவில்லையா?" என்று சிவப்பு மையில் மாற்றப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.


பதில் 6 – ஓய்வுபெறவிருக்கும் ஆசிரியர்

பெற்றோர் நண்பர் சொன்னது முழுக்கச் சரி. உரையாடல் வரிகள் பேச்சுவழக்கில் இருக்கலாம், மற்றவை எழுத்துவழக்கில் இருக்கட்டும் என்று நான் பொதுவாகச் சொல்வதுண்டு; அதையும் மீறி முழுக் கவிதையும் பேச்சுமொழியிலேயே அமைந்து, அது பொருந்தியும் இருந்தால் விட்டுவிடுவேன். எழுத்துப்பிழை வேறு, வழக்கு வேறு. முன்னதைத் திருத்துகிறேன், பின்னதைப் பற்றிக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். உணர்ச்சிக்கு மதிப்பெண் போடாதீர்கள். பாட்டியை இழந்த பிள்ளைக்கு ஒன்பதும், பந்து தொலைத்த பிள்ளைக்கு ஆறும் என்று ஆகிவிடும். அடுத்த ஆண்டு எல்லா வீட்டிலும் பாட்டிகள் இறந்துபோவார்கள். நான் பத்து மதிப்பெண்ணில் பாதியை முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் இடையிலான மாற்றத்துக்குத் தருகிறேன். எதை நீக்கினாய், எந்த வரியை ஏன் அங்கே ஒடித்தாய் என்று நான்கு வரி விளக்கம் தாளின் பின்புறம் இருக்க வேண்டும். மீதிப் பாதி, கடைசி வரிசைக்குக் கேட்டதா, வரி முடிவுகள் காதில் விழுந்தனவா என்பதற்கு. கவிதை நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு மதிப்பெண் பட்டியலில் இடமே இல்லை. அதை வாயால் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்கு அது போதுமானதாகவே இருக்கிறது.

38 பேரையும் ஒரே நாளில் வாசிக்கவைக்க வேண்டாம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 76 நிமிடம் ஆகும், இருபதாவது கவிதைக்குமேல் யார் காதிலும் எதுவும் ஏறாது. தினமும் வகுப்பின் தொடக்கத்தில் நான்கு பேர் என்று வைத்தால் பத்து நாளில் முடிந்துவிடும்.

அந்த ஒரு தாளைப் பற்றி. வாசிக்கச் சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். கவிதையின் அழகைப் பற்றிப் பேச்சைத் தொடங்காதீர்கள், "எழுதியதை நான் படித்தேன், நீ நலமாக இருக்கிறாயா?" என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் துளியளவு ஐயம் தோன்றினாலும் அது கவிதைப் பாடத்துக்கு அப்பாற்பட்டது. பள்ளியில் அதற்கெனப் பொறுப்பில் இருப்பவரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கவும் கூடாது. அப்படி ஏதும் இல்லையென்றால், வாசிப்பதா, வேண்டாமா, வேறொரு கவிதை எழுதுவதா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். "கவிதையில் வரும் நான், எழுதியவராகவே இருக்க வேண்டியதில்லை" என்பதை வகுப்பு முழுவதற்கும் பொதுவாக முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அது பொய்யான மறைப்பு அன்று. அகப்பாடல்களில் பேசுவது தலைவியும் தோழியும் செவிலியுமாக இருக்க, பாடியவர் வேறொருவராக இருப்பதை நாம் பாடமாகவே நடத்துகிறோம்.


பதில் 7 – ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அந்தப் பிள்ளையோடு பேசினேன். செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. அதற்குமேல் இங்கே எழுதுவது முறையாக இருக்காது. வாசிப்புக்கு அந்தப் பிள்ளை வேறு கவிதை எழுதிக்கொண்டது.

மற்றவை ஏறத்தாழ நீங்கள் சொன்னபடியே நடந்தன, ஒன்றைத் தவிர. பக்கத்தில் இருப்பவரைப் படிக்கவைத்து மூச்சைக் குறிக்கும் பயிற்சி முதல் நாள் பெரிய இரைச்சலில் முடிந்தது. பத்தொன்பது இணைகள் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாய்விட்டுப் படித்தால் யார் காதிலும் எதுவும் விழாது என்பது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் பாதிப் பேரை வராந்தாவுக்கு அனுப்பினேன். தொலைபேசிக் குரல் உடனே பலித்தது. சிலர் "ஹலோ" என்று சொல்லியே கவிதையைத் தொடங்கினார்கள், அதில் ஒருவன் இறுதி வரைவிலும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டான். மறுமுனையில் பேசாமல் இருக்கும் ஒருவரைப் பற்றியதாக அவன் கவிதை மாறிவிட்டது.

இப்போது யாப்புப் பயிற்சி தரும் ஐயாவிடம் ஒரு கேள்வி. மூக்குக் கண்ணாடிக் கவிதையை வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். அதை நினைவிலிருந்து திரும்ப எழுதிய ஒரு மாணவி, "பாட்டியின் மூக்குக் கண்ணாடியை" என்று ஒரு வரியும் "துடைப்பதற்கு இப்போது யாருமில்லை" என்று அடுத்த வரியுமாக எழுதியிருந்தாள். இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும், ஆகவே "கண்ணாடியைத்" என்று ஒற்று வர வேண்டும் என்று ஒருவன் எழுந்து நின்றான். வரி முடிந்து மூச்சு விட்ட பிறகு அந்த "த்" எங்கே ஒட்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. நாளைக்குள் தீர்ப்புச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.


பதில் 8 – யாப்புப் பயிற்சி தருபவர்

உரைநடையில் எழுதினால் அந்த மாணவன் சொல்வதுதான் சரி. அதில் விவாதத்துக்கு இடமில்லை. செய்யுளிலும் அடி முறிந்தாலும் ஓசை தொடர்ந்து ஓடுவதால் ஒற்றை இட்டு எழுதுவதே வழக்கம். புதுக்கவிதையில் இருவிதமாகவும் எழுதுகிறார்கள். ஒற்றை இட்டால், நிற்காதே, அடுத்த வரிக்குப் போ என்று படிப்பவருக்குச் சொல்கிறோம். விட்டுவிட்டால் அங்கே நிற்க அனுமதிக்கிறோம். ஆகவே தீர்ப்பை நீங்கள் சொல்ல வேண்டாம். அந்த மாணவியை இரண்டு விதமாகவும் வாசிக்கச் சொல்லுங்கள். "கண்ணாடியை" என்று நின்றபோது வகுப்பு காத்திருந்தால் ஒற்று வேண்டாம். காத்திருக்கவில்லை என்றால் அவனுடைய "த்" இருந்துவிட்டுப் போகட்டும்.